ஃபைனல் ஃபேன்டஸி ப்ளூ ரே: சிடி கடையில் எடுத்துப் பார்த்தவர்களுக்காக ஒரு விமர்சனம்

கும்பகோணம், மாயவரம் பக்கம் 2002 வாக்கில் சிடி கடையில் இங்கிலீஷ் படம் எடுத்துப் பார்த்தவர்களிடம் ‘ஃபைனல் ஃபேன்டஸி: த ஸ்பிரிட்ஸ் விதின்’ என்று முழுப்பெயர் சொன்னால் முழிப்பார்கள். “கம்ப்யூட்டர்லயே செஞ்ச பொண்ணு ஒண்ணு வருமே, முடியெல்லாம் நிஜம் மாதிரியே ஆடுமே” என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். அந்தப் படத்தின் ப்ளூ ரே டிஸ்க்கைத்தான் வாங்கியிருக்கிறேன். நீட்டி முழக்குவதற்கு முன்னால் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். அன்றைக்கு நம்ம ஊரில் நாம் பார்த்தது பாதிப் படம்தான். மிச்சப் பாதி இந்த டிஸ்க்கில் இருக்கிறது.

ஏன் பாதி என்கிறேன் என்றால், அன்றைக்குக் கடையில் கிடைத்த விசிடி, அதாவது வீடியோ சிடி, என்பது 352க்கு 288 புள்ளி. ஒரு சிடியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் படம் அடங்கும், அதையும் எம்பெக் 1 என்ற பழைய முறையில் நசுக்கித்தான் அடைக்க முடியும். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் என்றால் ஓரளவு தப்பிக்கும். இருட்டுக் காட்சி வந்தால் திரை கட்டம் கட்டமாக உடைந்துபோகும், கறுப்பு கறுப்பாக இருக்காது, சாம்பல் நிறத்தில் சதுரம் சதுரமாக நெளியும். இந்தப் படமோ முக்கால்வாசி இருட்டில் நடக்கிறது. போதாக்குறைக்கு இதில் வருகிற வேற்றுக்கிரகப் பேய்கள் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற உடம்பு கொண்டவை. ஆரஞ்சுத் தணல் நிறத்தில் அரையும் குறையுமாகத் தெரிந்து, சுவருக்குள் புகுந்து போய்விடும். படத்தில் பயமும் அழகும் அந்த உடம்புகளில்தான் இருக்கிறது. விசிடியில் அது ஆரஞ்சுப் புகை, அவ்வளவுதான். ப்ளூ ரே 1920க்கு 1080 புள்ளி, கணக்குப் போட்டால் விசிடியைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு. அந்தப் பேய்களுக்குள்ளே நரம்பு மாதிரி ஏதோ ஓடுகிறது, கை நீளும்போது அதன் பின்னால் இருக்கிற ஆளின் முகம் மங்கி வளைந்து தெரிகிறது, ஒரு சிப்பாயைத் தொட்டதும் அவன் உயிர் நீல நிறத்தில் அவன் உருவத்திலேயே பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது. இதை எல்லாம் நான் முதன்முதலாக இந்த டிஸ்க்கில்தான் பார்த்தேன்.

படம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2065ஆம் வருஷம். விண்கல் ஒன்று பூமியில் விழுந்து, அதோடு வந்த பேய்கள் மனிதர்களைக் கிட்டத்தட்ட அழித்துவிட்டன. மிஞ்சியவர்கள் மின்தடுப்புச் சுவருக்குள் நகரம் கட்டி இருக்கிறார்கள். ஆக்கி ராஸ் என்ற பெண் விஞ்ஞானியும் அவள் குரு டாக்டர் சிட்டும் எட்டு உயிர்களைத் தேடிச் சேர்த்தால் பேய்களை அடக்கலாம் என்கிறார்கள். ஜெனரல் ஹைன் என்பவனோ விண்வெளியில் இருக்கிற பீரங்கியால் விண்கல்லைச் சுட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறான். இதற்கு நடுவில் கேப்டன் கிரே என்று ஒரு சிப்பாய், ஆக்கியின் பழைய காதலன். இவ்வளவுதான் கதை.

2001 ஜூலை 11 அன்று அமெரிக்காவில் வெளியானது. அதற்கு முன்னால் முழுக்க முழுக்கக் கணினியில் செய்த படம் வராமல் இல்லை, 1995லேயே ‘டாய் ஸ்டோரி’ வந்துவிட்டது. ஆனால் அது பொம்மைகள். மனுஷனை மனுஷன் மாதிரியே முழுநீளப் படத்துக்கும் கணினியில் செய்து காட்டுவது என்று துணிந்து இறங்கியது இந்தப் படம்தான். இயக்கியவர் ஹிரோனோபு சகாகுச்சி, ‘ஃபைனல் ஃபேன்டஸி’ என்ற வீடியோ கேம் வரிசையை உருவாக்கியவர். ஹவாய்த் தீவில் ஹொனலுலுவில் ஸ்குவேர் பிக்சர்ஸ் என்று தனி நிறுவனமே வைத்துச் செய்தார்கள். செலவு 13 கோடியே 70 லட்சம் டாலர். உலகம் பூராவும் வசூலானது எட்டரைக் கோடி டாலர் அளவுக்குத்தான். 2002 தொடக்கத்தில் அந்த நிறுவனத்தை மூடியே விட்டார்கள்.

நான் அந்தக் காலத்தில் தஞ்சாவூரில் மல்டிமீடியா கோர்ஸ் படித்தேன், இப்போது கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங். அதனால் எனக்கு இந்தப் படத்தின் மேல் இருக்கிற பிரியம் கொஞ்சம் தொழில் சம்பந்தப்பட்டது. கோர்ஸில் நாங்கள் ஒரு பந்து உருண்டு சுவரில் மோதித் திரும்புவதை ரெண்டர் போட்டுவிட்டு, அதாவது கணினியைப் படம் படமாக வரையவிட்டுவிட்டு, டீ குடிக்கப் போவோம், திரும்பி வந்தாலும் முடிந்திருக்காது, நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலில் இருந்து. அந்த வயதில் இந்தப் படத்தின் கணக்கைக் கேள்விப்பட்டபோது தலை சுற்றியது, இப்போதும் சுற்றுகிறது. மொத்தம் 1,41,964 ஃப்ரேம், அதாவது தனித்தனிப் படம். ஒரு ஃப்ரேமுக்குச் சராசரியாக ஒன்றரை மணி நேரம். ஒரே ஒரு கணினியில் விட்டிருந்தால் 24 வருஷம் ராப்பகலாக ஓடியிருக்கும். 960 கணினிகளை வரிசையாக வைத்து ஓட்டினார்கள். ஆக்கியின் தலையில் ஏறக்குறைய 60,000 முடி, ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும்படி செய்தது. எங்கள் மாஸ்டர் அந்த முடி வருகிற இடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டுவார், விசிடியில் அது ஒரே கறுப்புக் கொத்தாகத்தான் தெரியும், ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல நாங்கள் நம்பிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இப்போது டிஸ்க்கில் அந்த முடி முடியாகவே தெரிகிறது. அவள் தலையைத் திருப்பும்போது முன்நெற்றியில் விழுகிற கற்றையில் நான்கைந்து இழை மட்டும் தனியாகப் பிரிந்து, கன்னத்தில் ஒட்டி, அப்புறம் மெதுவாக விடுபட்டு வருகிறது. கேமரா அதற்காக நிற்கக்கூட இல்லை, போகிற போக்கில் நடக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது டாக்டர் சிட். வழுக்கை மண்டையில் வயசான புள்ளிகள், புறங்கையில் புடைத்த நரம்பு, வெள்ளைத் தாடியின் ஓரத்தில் ரோமம் சீராக இல்லாமல் அங்கங்கே முளைத்திருப்பது, கண்ணுக்குக் கீழே தொங்குகிற பை. 2001இல் செய்தது என்று சொன்னால்தான் நம்ப வேண்டியிருக்கிறது. டொனால்ட் சதர்லேண்டின் குரலும் சேர்ந்துகொள்வதால் அந்தக் கிழவர் வருகிற காட்சிகளில் கம்ப்யூட்டர் என்பதே மறந்துபோகிறது. கம்ப்யூட்டர் பட மனிதர்களில் இத்தனை மரியாதையோடு செய்யப்பட்ட கிழவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

குறை இல்லாமல் இல்லை, நல்ல பிரிண்டில் குறையும் நன்றாகவே தெரிகிறது. இளம் வயது முகங்கள் சரியாக வரவில்லை. கேப்டன் கிரே நின்றால் ஜவுளிக்கடை வாசலில் சட்டை மாட்டி நிறுத்தியிருக்கிற பொம்மைதான். உடம்பு அசைவை ஆட்களை நடக்கவிட்டு, அவர்கள் மேல் குறி ஒட்டிப் பதிவு செய்தார்கள், அதனால் நடை, திரும்புவது, உட்காருவது எல்லாம் உயிரோடு இருக்கிறது. முகத்தை மட்டும் அனிமேட்டர்கள் கையால் அசைத்தார்கள். அந்த இரண்டும் ஒட்டவில்லை. வாய் பேசுகிறது, கண் பேசவில்லை. மனுஷ உருவத்துக்குக் கிட்டத்தட்ட வந்து கொஞ்சம் தவறினால் பார்ப்பவருக்கு ஒரு மாதிரி கூசும் என்று ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970லேயே எழுதியிருக்கிறார், அதற்கு உதாரணமாக இந்தப் படத்தைத்தான் எல்லாரும் காட்டுகிறார்கள். நியாயம்தான். ஆனால் அதோடு படத்தை மூடிவைத்துவிடுவது நியாயம் இல்லை என்பது என் கட்சி. முகம் தவறிய இடத்திலேயே தோல், துணி, முடி, வெளிச்சம் எல்லாம் சாதித்து வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்கவாவது இந்த டிஸ்க்கைப் போட வேண்டும்.

கதையைப் பற்றி எழுதுகிறேன். முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கதை குழப்பம், ஆன்மா அது இதென்று எதையோ போட்டுக் கலக்கிவிட்டார்கள் என்றுதான் வெளிநாட்டில் பல பேர் அன்றைக்குக் குறை சொன்னார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தக் குறையே எழவில்லை. ஆக்கிக்குத் திரும்பத் திரும்ப ஒரு கனவு வரும், செத்துப்போன ஒரு கிரகம், இரண்டு படைகள் மோதிக்கொள்ளும், கடைசியில் கிரகமே வெடிக்கும். என் அப்பாயி, இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, வெற்றிலை இடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தது. “ஏன்டா தம்பி, அதுங்க சண்டைக்கு வந்த மாதிரி தெரியலையே. காரியம் பண்ண ஆள் இல்லாம அலையுதுங்க போலருக்கே” என்றது. அதற்கு அப்புறம் ரொம்ப நேரம் கழித்துத்தான் படத்தில் ஆக்கி அதையே கண்டுபிடிக்கிறாள்: வந்தவை படையெடுத்து வந்தவை இல்லை, அழிந்துபோன கிரகத்தின் துண்டில் ஒட்டிக்கொண்டு வந்த ஆவிகள், தாங்கள் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் தவிக்கிறவை. ஆடி அமாவாசைக்குப் பூம்புகார் போய்க் கடலும் காவிரியும் கலக்கிற இடத்தில் தர்ப்பணம் கொடுக்கிற ஊரில், கரைசேராத உயிர் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பூமிக்கு ஓர் உயிர் இருக்கிறது, இங்கே பிறக்கிற ஒவ்வொன்றும் அதிலிருந்து வந்து, வாழ்ந்து, திரும்ப அதிலேயே சேர்கிறது என்பது டாக்டர் சிட்டின் கொள்கை. அதைக் கேயா என்கிறார்கள். நாற்றங்காலில் இறங்குவதற்கு முன்னால் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்களுக்கு இது சயின்ஸ் ஃபிக்‌ஷனாகவே படாது. அப்புறம் அந்த வருஷத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2002இல் ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்கவில்லை, குறுவை போய்விட்டது, அரசலாற்றில் மணல்தான் இருந்தது. படத்தின் ஆரம்பத்தில் இடிந்து கிடக்கிற நியூயார்க் நகரத்தில் ஆக்கி தன்னந்தனியாக இறங்கித் தேடிக்கொண்டு போவது ஒரே ஒரு சின்னப் பச்சைச் செடியை. வயலைத் தரிசாகப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, அதுவரை வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த இடத்தில் உள்ளே வந்து உட்கார்ந்தார். முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

சகாகுச்சியின் அம்மா பெயரும் ஆக்கிதான் என்பது எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரிய வந்தது. படம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் அந்த அம்மா விபத்தில் இறந்துபோயிருக்கிறார். செத்தவர் உயிர் எங்கே போகிறது என்று அதன்பிறகு சகாகுச்சி யோசித்ததெல்லாம்தான் இந்தக் கதையாக வந்திருக்கிறது. கதாநாயகிக்கு அம்மா பெயரை வைத்து, அவள் தலைமுடி இழை இழையாக அசைய வேண்டும் என்று நான்கு வருஷம் ஒரு பட்டாளத்தையே உட்காரவைத்து வேலை வாங்கிய மனுஷனை நினைத்துக்கொண்டு இந்தத் தடவை பார்த்தேன். எட்டரைக் கோடி வசூல், கம்பெனி மூடல் என்ற பேச்செல்லாம் அதோடு ஒப்பிட்டால் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். சத்தம் பிரமாதம். எலியட் கோல்டன்தாலின் இசை, வாசித்தது லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. பழைய டிவியின் ஒற்றை ஸ்பீக்கரில் இந்த இசை ஒரு இரைச்சலாகத்தான் கேட்டது. பித்தளை வாத்தியங்கள் அடியிலிருந்து எழும்பி வருவதும், கோரஸ் பின்னால் எங்கேயோ தூரத்தில் ஆரம்பிப்பதும் இப்போதுதான் பிரிந்து கேட்கிறது. விண்வெளிப் பீரங்கி சுடுகிற இடத்தில் எங்கள் பழைய வீட்டு ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது. சப்வூஃபர் வைத்திருப்பவர்கள் ராத்திரி போட்டால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போடுங்கள். பேச்சு மட்டும் சில இடங்களில் தணிந்திருக்கிறது, சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது.

ப்ளூ ரேயில் படம் நேராகக் கணினியிலிருந்து போனது போலச் சுத்தமாக இருக்கிறது, தூசி, கீறல், புள்ளி எதுவும் இல்லை. அந்தச் சுத்தம் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம், சினிமாவாக இல்லாமல் கேம் மாதிரி இருக்கிறது என்பார்கள். பத்தாவது படிக்கிற என் அக்கா பையன் அதையேதான் சொன்னான். “மாமா, கேம்ல நடுவுல வர்ற சீன் மாதிரி இருக்கு” என்றான். உண்மைதான், இன்றைக்கு அவன் கையில் இருக்கிற கேம் இதில் பாதியை அந்தக் கணத்திலேயே போட்டுக் காட்டிவிடும். ஒரு ஃப்ரேமுக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணக்கைச் சொன்னதும் போனைக் கீழே வைத்துவிட்டு, பேய் வருகிற சீனை மட்டும் திரும்பப் போடச் சொன்னான்.

கூடுதல் சமாச்சாரங்கள் வேண்டும் என்பவர்கள் 2001இல் வந்த இரண்டு டிஸ்க் டிவிடியையும் தேடுங்கள். ஆக்கியின் கனவுகளை எல்லாம் ஒன்றாகக் கோர்த்து ஒரே குறும்படம் போல அதில் வைத்திருக்கிறார்கள், அதைத் தனியாகப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகப் பிடிபடும். படத்தின் பாத்திரங்கள் எல்லாரும் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ பாட்டுக்கு ஆடுகிற ஒரு துண்டும் அதில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. வேலை செய்தவர்கள் எத்தனை பிரியத்தோடு செய்திருக்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும். படம் பார்க்க ப்ளூ ரே, குடைந்து பார்க்க டிவிடி என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் பழைய டிஸ்க்காக ஆன்லைனில் வாங்கினேன், ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. ஐப்பசி மழையில் வந்த பார்சல், மேல் அட்டை ஊறிப்போய், டப்பாவின் மூலை உடைந்து, நடுவில் டிஸ்க்கைப் பிடித்திருக்கிற பல் கழன்று உள்ளே டிஸ்க் உருண்டுகொண்டிருந்தது. நல்லவேளை கீறல் விழவில்லை. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன், பதிலே இல்லை. அதனால் வாங்கும்போது டிஸ்க்கின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்கு ப்ளூ ரே பிளேயர் தனியாக வாங்க வேண்டியதில்லை, பழைய பிளேஸ்டேஷன் 3 இருந்தால் போதும், நான் அதில்தான் போடுகிறேன்.

டிவி செட்டிங்கில் இரண்டே விஷயம். படத்தை வழுவழுவென்று ஓடவைக்கிற மோஷன் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஏற்கெனவே பொம்மையாக இருக்கிற கேப்டன் கிரே இன்னும் பொம்மையாகிவிடுவார். ஷோரூமில் வைத்தபடியே பிரகாசத்தை முழுக்க ஏற்றி வைத்திருந்தால் அதைக் குறைத்து சினிமா மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பகலில் பார்க்க வேண்டாம், ஜன்னலை எல்லாம் சாத்தினாலும் நம்ம ஊர் ஓட்டு வீட்டில் எங்கிருந்தாவது வெளிச்சம் வந்து அந்தப் பேய்களைத் தின்றுவிடும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். 106 நிமிஷப் படம். நடுவில் எழுந்து சிடி மாற்ற வேண்டிய வேலை இல்லை.